அந்தோணியாருக்கு மேலே ஒன்றரை அங்குலம்

ஏப்ரல் 3, புதன்

இன்று அம்மாவிடம் சொல்லாதது: காரணம்பேட்டை தாண்டி ஒரு வேப்ப மரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு, இருபது நிமிடம் தரையில் உட்கார்ந்திருந்தேன். சாலை இரண்டாகத் தெரிந்தது. காதுக்குள் ஓர் இரைச்சல். கை சில்லென்று இருந்தது, வெளியே அந்த வெயிலில்.

சொன்னது: "ரோட்ல ஒரே டிராஃபிக்மா."

கரோலினுக்கு மட்டும் மரத்தடியிலிருந்து போன் செய்தேன். லேபில் என் பக்கத்து மேஜை, கோயிலில் ஞாயிறு பூசைக்கு எங்களுக்குப் பின் வரிசை. சிறு வயதிலிருந்து தெரிந்தவள். "தண்ணி குடி, தலையில ஊத்து. செத்துக்கித்துப் போயிராத, சாம்பிள் வீணாயிரும்" என்றாள். குரல் மட்டும் நடுங்கியது.

ஏப்ரல் 5, வெள்ளி

தனபால் சார் கூப்பிட்டார். லேபுக்குள் ஓர் இடம் காலியாகிறதாம். ஏசி அறை, அறிக்கை தட்டச்சு, ஆறு மணிக்கு வீடு. "ரெண்டு வருசமா வெயில்ல சுத்தீட்டு இருக்கீங்க. மே பதினஞ்சுக்குள்ள ஒரு முடிவு சொல்லுங்க" என்றார். நல்ல மனிதர். நல்லதுதான் செய்வதாக நினைக்கிறார்.

எனக்கு வேண்டாம். ஏன் என்று கேட்டால் ஒழுங்கான பதில் இல்லை. கோழிப் பண்ணைகளுக்குப் போய்த் தண்ணீரும் தீவனமும் எடுத்து வருவது பெரிய வேலை இல்லை. ஆனால் கோவை ராமநாதபுரத்திலிருந்து பல்லடம் போய்த் திரும்பும் வழியில் என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. முந்தின நாள் படித்ததை அங்கேதான் யோசித்து முடிக்கிறேன். சாம்பிள் பெட்டியில் ஐஸ் பைகளுக்கு மேலே எப்போதும் ஒரு புத்தகம் இருக்கும். ஈரமாகி ஈரமாகிக் காய்ந்து எல்லாமே அப்பளம் மாதிரி ஆகிவிட்டன.

புதன்கிழமை நடந்தது அம்மாவுக்குத் தெரிந்தால் முடிவு அன்றே எடுக்கப்பட்டுவிடும். அதை எடுப்பது நானாக இருக்காது.

ஏப்ரல் 8, திங்கள்

கோளாறு என்னிடம் இல்லை, கண்ணாடியிடம்.

வண்டி வாங்கியபோது அதன் முகப்பில் இருந்தது கைக்குட்டை அளவுக் காற்றுத்தடுப்புக் கண்ணாடி. லாரிப் புழுதி, வண்டு, பனிக்காற்று என்று சொல்லி, அம்மாதான் அதைக் கழற்றச் செய்து இதை மாட்டினாள். பஸ் கண்ணாடி மாதிரி, என் நெற்றி வரைக்கும். இது இருந்தால்தான் பைக், இல்லையென்றால் டவுன் பஸ் — அதுதான் ஒப்பந்தம். டிசம்பரில் சொர்க்கம். ஏப்ரலில் அதன் பின்னால் காற்று நின்றுவிடுகிறது. எஞ்சின் சூடு மேலே ஏறி வந்து, போக இடமில்லாமல் என் மடியிலேயே உட்கார்ந்துகொள்கிறது.

இதை நானாகக் கண்டுபிடிக்கவில்லை. மாசாணியம்மாள் பண்ணையில் வண்டியை நிறுத்தினேன். அவர் ஷெட்டின் பக்கவாட்டுப் படுதாக்களைச் சுருட்டி மேலே ஏற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, காத்து வேணும்னு கோழிக்கே நாங்க படுதாவ ஏத்தி உட்டிருக்கறோம். நீங்க என்னன்னா முன்னால படுதா கட்டீட்டு வாரீங்க."

"அது கண்ணாடிங்க."

"எதுவா இருந்தா என்னுங்க. எங்க கோழியாட்டத்தான் வாயத் தொறந்துட்டு வந்து நிக்கறீங்க. மோரு குடிங்க மொதல்ல."

இரண்டு சொம்பு குடித்தேன். கோழிகள் நிஜமாகவே வாயைத் திறந்துகொண்டுதான் நின்றன. நான் என் வாயை மூடிக்கொண்டேன்.

ஏப்ரல் 9, செவ்வாய்

இணையத்தில் ஒரு மணி நேரம். கண்ணாடி மூக்கு உயரத்துக்குக் கீழே இருக்க வேண்டும், பார்வை அதன் மேலாகப் போக வேண்டும், காற்று நெஞ்சில் பட வேண்டும். அதற்கு ஐந்து அங்குலம் வெட்ட வேண்டும்.

ஐந்து அங்குலத்துக்குள் அந்தோணியார் இருக்கிறார்.

வண்டியைக் கோயிலில் மந்திரிக்கக் கொண்டுபோன அன்று, அம்மா கண்ணாடியின் உச்சியில், இடது ஓரத்தில் ஒட்டிய புனிதர் படம். கையில் குழந்தை, இன்னொரு கையில் லீலிப்பூ. சாமியார் தீர்த்தம் தெளித்ததில் அதிகம் நனைந்தது அவர்தான். அவர் தலைக்கு மேலே ஒன்றரை அங்குலம் காலி இடம் இருக்கிறது.

எனக்கு நம்பிக்கை இருக்கிறதா என்று என்னிடமே கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன். ஆனால் அவரைக் குறுக்கே அறுப்பது வேறு விஷயம்.

ஏப்ரல் 13, சனி

காந்திபுரத்தில் மயில்சாமி என்பவரின் கடை. வீட்டுப் பெயர்ப்பலகை, டாக்டர் போர்டு, அக்ரிலிக் எழுத்து எல்லாம் வெட்டுகிறார். கரோலினும் வந்தாள். கண்ணாடியை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "இது அக்ரிலிக் இல்லீங்க. மெசின் சூட்டுல மஞ்சப் பூத்துப் போயிரும். கையில ரம்பம் போட்டுத்தான் அறுக்கோணும்" என்றார்.

அளவுக்கு என்னை வண்டியில் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தேன். என் மூக்கு உயரத்துக்குக் கீழே கண்ணாடியில் கரோலின் பேனாவால் கோடு போட்டாள். கோடு அந்தோணியாரின் இடுப்பில் விழுந்தது.

மயில்சாமி ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"சாமி மேல ரம்பம் வெக்க மாட்டனுங்க."

"இவர் எங்க சாமிங்க" என்றாள் கரோலின், அது உதவும் என்பதுபோல.

"எந்தச் சாமியா இருந்தா என்னுங்க. நான் பொழப்பு நடத்தோணுமல்லங்க."

எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். தலைக்கு மேலே இருக்கும் ஒன்றரை அங்குலத்தை மட்டும் வெட்டச் சொன்னேன். டேப் ஒட்டி, சின்னப் பல் ரம்பத்தால் பொறுமையாக அறுத்து, ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்துக் கொடுத்தார். விரல் வைத்தால் வழுக்குகிறது. நகம் வெட்டின மாதிரி இருக்கிறது, யாருக்கும் தெரியாது. கொஞ்சம் வெட்டினால் கொஞ்சம் காற்றாவது வரும் அல்லவா?

ஏப்ரல் 15, திங்கள்

வரவில்லை.

முன்பு தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்த காற்று, இப்போது நேராக ஹெல்மெட்டின் நெற்றியில் வந்து மோதுகிறது. நாற்பதைத் தாண்டினால் தலையை யாரோ பிடித்து உலுக்குகிறார்கள். ஐம்பதில் தகரக் கூரை மேல் கல் கொட்டுகிற சத்தம். நெஞ்சுக்கு ஒரு மூச்சுக் காற்றுகூட இல்லை. வெட்டினால் முழுசாக வெட்ட வேண்டும் போலிருக்கிறது. மரியாதைக்காக வெட்டினால் இப்படித்தான்.

இன்னொன்றும் புரிந்தது. அளவெடுத்தபோது நான் பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்காருவது போல நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஓட்டும்போது அப்படி நான் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை.

ஏப்ரல் 17, புதன்

காதில் பஞ்சு வைத்துப் பார்த்தேன். வேர்வையில் ஊறி, சூலூர் வருவதற்குள் இரண்டும் விழுந்துவிட்டன.

ஏப்ரல் 20, சனி

அப்பா வந்திருக்கிறார். வால்பாறையில் எஸ்டேட் அலுவலகம். மாதம் இரண்டு முறை மலையிறங்குவார், இறங்கியதும் முதல் வேலையாகக் கோவை வெயிலைத் திட்டுவார். திட்டிக்கொண்டே வண்டியைச் சுற்றி வந்தார்.

"கண்ணாடி குட்டையாயிருச்சா?"

"இல்லீங்கப்பா. நீங்க வளந்துட்டீங்க."

 "அப்படியா, சரி. வால்பாறைத் தண்ணி அப்பிடி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இரவுச் சாப்பாட்டில் தெரிந்திருக்கும்.

ஏப்ரல் 25, வியாழன்

மறுபடியும். இரண்டு இடத்தில் நின்றேன். இரண்டாவது இடத்தில் டீக்கடைக்காரர் ஓடி வந்து பெஞ்சைத் துடைத்துவிட்டார். அழுகை வந்துவிட்டது. எதுக்கு இந்தப் பிடிவாதம்? யாருக்கு என்ன நிரூபிக்கப் போற? ஏசி அறையில உக்காந்து டைப் அடிச்சா குடியா முழுகிப் போயிரும்?

— முழுகாது. ஆனால் சுருங்கிப்போகும். என் ஒரு நாளில் நான் மட்டும் இருக்கிற பகுதி.

இப்படி எழுதினால் நன்றாகத்தான் இருக்கிறது. வேப்ப மரத்தடியில் இது எதுவும் ஞாபகத்துக்கு வருவதில்லை. திங்கட்கிழமை தனபால் சாரிடம் சரி என்று சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன்.

ஏப்ரல் 28, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுத வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு எனக்கே நம்பிக்கை வராது.

எட்டு மணிப் பூசை. கோயில் நிறைய ஆள். நானும் அம்மாவும் மூன்றாவது பெஞ்ச். பூசை தொடங்கும் முன் உபதேசியார் வழக்கம்போல அன்றைய கருத்துகளை, யார் எதற்காகப் பூசை வைத்திருக்கிறார்கள் என்பதை, மைக்கில் வாசித்தார். இன்னாரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதியிருக்கும் இன்னாரின் நல்ல மதிப்பெண்ணுக்காக. அப்புறம், அதே குரலில்:

"பல்லடம் சாலையில் வெயிலில் மயங்கி விழுந்தும், புனித அந்தோணியாரின் பரிந்துரையால் உயிர் பிழைத்த ஜோவிதாவுக்காக நன்றியாக."

விழவில்லை. உட்கார்ந்தேன். அதுதான் முதலில் தோன்றியது.

அம்மா திரும்பவில்லை. முன்னால் பீடத்தைப் பார்த்தபடியே இருந்தாள். வாசகம், பிரசங்கம், காணிக்கை — எல்லாம் முடிகிறவரை கழுத்து அசையவில்லை. பிரசங்கம் எதைப் பற்றி என்று என்னைக் கேட்டால் தெரியாது. ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளும் இடம் வந்தது. அம்மா என் பக்கம் திரும்பினாள். இரண்டு கையையும் கூப்பினாள்.

"சமாதானம்."

இவ்வளவு பயமுறுத்துகிற சமாதானத்தை நான் கேட்டதே இல்லை.

வெளியே படிக்கட்டில் கூட்டம் சூழ்ந்துகொண்டது. நன்னாரி சர்பத் என்றார் ஒரு அம்மா. வெங்காயத்தைப் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளச் சொன்னார் இன்னொருவர். கரோலினைத் தூணுக்குப் பின்னால் பிடித்தேன்.

"அன்னைக்கே நேர்ந்துக்கிட்டேன்டி. நீ மரத்தடியில இருந்து போன் பண்ணப்பவே. ஒண்ணும் ஆகாம ஊடு வந்து சேந்தா பூசை வெக்கறேன்னு."

"எங்கம்மாவுக்குத் தெரியாதுடி."

அவள் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. "ஐயோ, சொல்லீருப்பேன்னு நெனச்சேன். அதுல நான் 'விழுந்தும்'னு எழுதவேயில்ல, உபதேசியார் போட்டுக்கிட்டாரு" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சேலைகூட மாற்றாமல் உட்கார்ந்தாள்.

"எத்தன வாட்டி?"

"ரெண்டு."

கைப்பையை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள்.

"மூணு. வியாழக்கிழம ரெண்டு எடத்துல நின்னேன்."

"கோயில்ல மைக் வெச்சு ஊருக்கே சொல்ற. எங்கிட்டச் சொல்ல மாட்ட."

"சொன்னா வண்டிய நிறுத்திப்போடுவ."

"நிறுத்தித்தான் போடுவேன். வேற என்ன, மால போடுவனா?"

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தனபால் சார் சொன்ன இடம், மே பதினைந்து, அங்கே எனக்குப் போகப் பிடிக்கவில்லை என்பது. ஏன் என்று கேட்டாள். இந்த நோட்டில் எழுதியதைச் சொன்னேன், இன்னும் மோசமாக. அம்மா டீச்சர். முப்பது வருடமாகப் பள்ளிக்கூடத்தில் ஐம்பது பிள்ளைகளுக்கு நடுவே நிற்கிறவள். தனியாக இருக்கிற நேரம் வேண்டும் என்றால் அவளுக்கு என்ன புரிந்திருக்கும் என்று தெரியவில்லை.

கடைசியில் சொன்னாள்: "எனக்கு லீவு உட்டாச்சு. நாளைக்கு நானும் வாரேன். அதே நேரத்துக்கு."

ஏப்ரல் 29, திங்கள்

பதினொன்றரைக்குக் கிளம்பினோம். அம்மா பின்னால், அப்பாவின் பழைய ஹெல்மெட்டில்.  சூலூர் தாண்டி ஐம்பதைத் தொட்டதும் முதுகில் மூன்று தட்டு.

நிறுத்தினேன். ஹெல்மெட்டைக் கழற்றிக் காதைத் தேய்த்துக்கொண்டாள்.

"என்ன கண்ணு இது, தலையப் புடிச்சு ஆட்டுது. தெனமும் இப்பிடியா?"

"கண்ணாடி வெட்டுனதுல இருந்து."

"எப்ப வெட்டுன?"

ஆக, அதுவும் சொல்லியிருக்கவில்லை. சொன்னேன். அம்மா முன்னால் வந்து, கண் கூசக் குனிந்து பார்த்தாள். விரலால் ஓரத்தைத் தடவினாள்.

"சரியா அந்தோணியார் தலைக்கு மேல வந்து நின்னிருக்குது."

"அவர வெட்ட முடியாதில்லம்மா. மந்திரிச்சது. நீ ஒட்டுனது."

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். நெடுஞ்சாலை ஓரத்தில், லாரிகள் போகிற வழியில், வண்டியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும் வரை.

"ஏண்டி, ஸ்டிக்கர்தான அது. ஹேர் டிரையர் காட்டுனா உரிஞ்சு வந்துரும். அவரு என்ன வேர் உட்டா நிக்கறாரு?"

"மந்திரிச்சது—"

"மந்திரிச்சது உனக்குத்தான் கண்ணு. நீ விழுந்து கெடந்தா கண்ணாடிய வெச்சு நான் என்ன பண்றது?"

வீட்டில் இவ்வளவு புத்தகம். ஒருவர் என்ன நினைப்பார் என்று பக்கம் பக்கமாகப் படித்து அடிக்கோடு போட்டிருக்கிறேன். அம்மாவிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும் என்று தோன்றவில்லை.

மாசாணியம்மாள் பண்ணையில் இருவரும் பார்த்த ஐந்தாவது நிமிடத்தில் கூட்டணி அமைத்துவிட்டார்கள். "ஏனுங்க டீச்சரு, இந்த உச்சி வெயில்ல யாருங்க சாம்பிள் எடுக்கச் சொன்னாங்க? நாங்க அஞ்சு மணிக்கே எந்திரிச்சர்றோம். காலைல வாங்க, நானே எடுத்து வெக்கறனுங்க." அம்மா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் ஒரு நிபந்தனை இருந்தது. திரும்பும் வழியில் அதை வாய்விட்டே சொன்னாள்: பன்னிரண்டிலிருந்து மூன்று வரை சாலையில் இருக்கக் கூடாது. கம்பெனி ஒத்துக்கொண்டால் பல்லடம். இல்லையென்றால் ஏசி அறை.

நியாயமாகத்தான் இருக்கிறது. அதுதான் கஷ்டம்.

மே 4, சனி

ஹேர் டிரையரோடு மயில்சாமி கடைக்குப் போனோம். அம்மா சூடு காட்டி, நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பி, மெதுவாக இழுத்தாள். முழுசாக வந்துவிட்டது, வெற்றிலை மாதிரிச் சுருண்டு. தன் ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். மயில்சாமி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ரம்பத்தை எடுத்தார். "இப்ப சரிங்க."

அளவெடுக்க உட்கார்ந்தேன்.

"நிமிராத" என்றாள் அம்மா. "எப்பவும் போலக் கூனிக்கிட்டு உக்காரு. உன்ன எனக்குத் தெரியாதா?"

கோடு, முன்பு போட்டதைவிட இரண்டு விரல் கீழே இறங்கியது.

மே 6, திங்கள்

காற்று.

எப்படி எழுதுவது. காலர் வழியாக உள்ளே நுழைந்து, முதுகுப் பக்கம் போய், கை வழியாக வெளியே போகிறது. சட்டை பாய்மரம் மாதிரி உப்புகிறது. ஹெல்மெட்டில் சத்தம் இல்லை. கொஞ்சம் சீட்டி மட்டும். சிங்காநல்லூரிலிருந்து சூலூர் வரை காரணமே இல்லாமல் சிரித்துக்கொண்டு போனேன்.

உண்மையையும் எழுத வேண்டும்: இதெல்லாம் காலை எட்டு மணிக்கு. கம்பெனி நேரம் இன்னும் மாறவில்லை; திரும்பும்போது மணி ஒன்று, அப்போது வந்தது காற்று இல்லை, அடுப்பு ஊதல். கண்ணாடி எவ்வளவு குட்டையானாலும் நண்பகல் நண்பகல்தான். அம்மா சொன்னது சரி.

மே 10, வெள்ளி

தனபால் சாரிடம் பேசினேன். உள் வேலை வேண்டாம், நேரத்தை மட்டும் மாற்றிக்கொடுங்கள்: காலை ஐந்தரைக்குக் கிளம்பி, பதினொன்றரைக்குள் சாம்பிள் லேபில் இருக்கும், மிச்ச நேரம் இங்கேயே மேஜை வேலை. மயக்கம் வந்ததையும் சொன்னேன். அவர் பேனாவை மூடினார், திறந்தார்.

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாமுல்லங்க?"

"ஆமாங்க சார்."

"மேல கேக்கோணும். ஐஸ் உருகறதுக்குள்ள வந்துருங்கற பாயிண்ட்ட வேணா சொல்லிப் பாக்கறேன்."

என் உயிரைவிட ஐஸ் நல்ல காரணம். பரவாயில்லை, அதைச் சொல்லட்டும்.

மே 15, புதன்

பதில் இல்லை. மேலே என்ன சொன்னார்கள் என்று அம்மா கேட்கவில்லை.  இரண்டு பேரும் சேர்ந்து மாங்காய் நறுக்கினோம்.

மே 21, செவ்வாய்

கரோலின் இன்னொரு பூசைக்குச் சொல்லட்டுமா என்று கேட்டாள். எழுதிக் கொடுப்பதை முதலில் எனக்குக் காட்டிவிட்டுக் கொடு என்றேன்.

ஜூன் 12, புதன்

லேபில் அந்த இடத்துக்குப் பிரத்யுஷா என்று ஒரு பெண் வந்துவிட்டாள். பல்லடம் எனக்கு; காலை ஐந்தரை முதல் பதினொன்றரை வரை, எழுத்தில். இன்று திரும்பும்போது பாலக்காட்டுப் பக்கமிருந்து நேரெதிர்க் காற்று. சூலூரில் மழை பிடித்தது. கண்ணாடிக்கு மேலாக எல்லாம் என் மேல்தான் விழுந்தது. கழுத்திலிருந்து இடுப்பு வரை ஒட்ட நனைந்து லேபுக்குப் போய்ச் சேர்ந்தேன். மணி பதினொன்று இருபது.